வானில் கடக்கும் தூரமும் பயணியின் சட்டமும்

சென்னைக்கும் மதுரைக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 420 கி.மீ. விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே சுமார் 4,400 கி.மீ. நேரடி விமானத்தில் ஏறத்தாழ ஆறு மணி நேரம். இஸ்லாமியச் சட்டக்கலையான ஃபிக்ஹில் பயணிக்கு, அதாவது முஸாஃபிருக்கு, தனிச் சட்டம் உண்டு. லுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் தொழுகைகளை அவர் இரண்டிரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழலாம். இதற்குக் கஸ்ர் என்று பெயர். ரமலான் நோன்பை விட்டுவிட்டு வேறு நாட்களில் களாச் செய்யலாம், அதாவது ஈடாக நோற்கலாம். எவ்வளவு தூரம் போனால் ஒருவர் முஸாஃபிர் ஆவார் என்பதை இமாம்கள் வகுத்த காலத்தில் இருந்தவை ஒட்டகமும் குதிரையும் நடையும் பாய்மரக் கப்பலும்தான். பாலை வெயிலில் பத்து நாள் வாடி வந்தவருக்கு அளித்த சலுகை, சுபுஹு தொழுதுவிட்டுச் சென்னையில் விமானம் ஏறி, லுஹருக்குப் பாங்கு சொல்வதற்கு வெகுநேரம் முன்பே மதுரையில் இறங்கிவிடுபவருக்கும் உண்டா? தூரம் என்பது நிலத்தின் நீளமா, அதைக் கடக்க ஆகும் நேரமா, அல்லது உடல் படும் பாடா? இந்தக் கேள்விக்குச் சொல்லும் விடை வெறும் பயணச் சட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. ஒரு சட்டம் தன் காரணம் மறைந்த பிறகும் நிற்குமா என்ற பெரிய கேள்வி அதற்குள் இருக்கிறது.

குர்ஆனில் அந்நிஸா அத்தியாயத்தின் 101ஆம் வசனம் பயணத்தில் தொழுகையைச் சுருக்க அனுமதிக்கிறது. அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோன்புக்கான சலுகையைத் தருகின்றன. இரண்டிடத்திலும் தூரக் கணக்கு எதுவும் இல்லை. ஆகவே எல்லை வகுக்கும் வேலை நபித்தோழர்களின் நடைமுறையைப் பார்த்துச் செய்யப்பட்டது. இப்னு அப்பாஸ் அவர்களிடமிருந்து வரும் செய்தியில் அளவுகோலே இரண்டு ஊர்களுக்கு இடையிலான தொலைவுதான்: மக்காவுக்கும் தாயிஃபுக்கும், மக்காவுக்கும் உஸ்ஃபானுக்கும், மக்காவுக்கும் ஜித்தாவுக்கும் இடையிலுள்ளது போன்ற தூரத்தில் கஸ்ர் செய்யலாம் என்பது அதன் கருத்து. இமாம் மாலிக் இதைத் தம் ஹதீஸ் தொகுப்பான முவத்தாவில் பதிவுசெய்து, அது நான்கு பரீத் தொலைவு என்று கணக்கிடுகிறார். ஒரு பரீத் நான்கு ஃபர்ஸக். ஒரு ஃபர்ஸக் மூன்று மைல். ஆக மொத்தம் 48 மைல்.

மத்ஹபுகள் எனப்படும் சட்டப் பள்ளிகளில் ஷாஃபிஈ, மாலிகி, ஹன்பலி ஆகியவை இந்த 48 மைலை ஏற்றன. பழைய ஹாஷிமி மைலின் நீளம் எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு இருப்பதால் இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 80 முதல் 90 கி.மீ. வரை சொல்லப்படுகிறது. சுமை ஏற்றிய ஒட்டகம் இரண்டு நாளில் கடக்கும் தொலைவு அது. ஒரு நாள் தொலைவுக்கு மர்ஹலா என்று பெயர். ஹனஃபி மத்ஹபின் வழி வேறு. அங்கே அளவுகோல் நேரம். நடுத்தர வேகத்தில், இடையிடையே ஓய்வெடுத்து, மூன்று நாள் போகும் தூரமே பயணம். ஹனஃபிகளின் புகழ்பெற்ற நூலான ஹிதாயாவை எழுதிய மர்கீனானி (இறப்பு 1197), ஃபர்ஸக் கணக்கைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றே சொல்கிறார். மலைப்பாதையில் மூன்று நாளில் கடப்பது குறைவு, சமவெளியில் அதிகம், இரண்டும் பயணம்தான்.

பிற்காலத்தில் மைல்கல்லும் ரயில் பாதையும் வந்தபோது, மூன்று நாள் என்பதை மைலாக்கித் தரவேண்டிய தேவை இந்திய ஹனஃபி உலமாக்களுக்கு ஏற்பட்டது. தேவ்பந்த் மரபினர் 48 ஆங்கில மைல், அதாவது சுமார் 77 கி.மீ. என்றனர். பரேலியின் அஹ்மத் ரஸா கான் ஐம்பத்தேழரை மைல், அதாவது சுமார் 92 கி.மீ. என்றார். தமிழகத்தில் இந்த இரண்டு வழிகளும் அடுத்தடுத்து வாழ்கின்றன. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டு ராவுத்தர் ஊர்களில் ஹனஃபி மத்ஹபும் வழக்கில் உள்ளன. ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவருக்குத் தூரம் நீளத்தால் அளக்கப்பட்டது, மற்றவருக்கு நேரத்தால் அளக்கப்பட்டது. சென்னை–மதுரை போன்ற தூரத்தில் இரண்டும் ஒரே முடிவைத்தான் தரும். ஆனால் அடிப்படை வேறு என்பது, வாகனம் வேகமெடுக்கும்போது வெளிப்படுகிறது.

எல்லை வகுப்பதையே ஏற்காதவர்களும் உண்டு. அந்தலூசியாவின் இப்னு ஹஸ்ம் (994–1064) ஒரு மைல் போனாலே பயணம் என்றார். டமாஸ்கஸின் இப்னு தைமிய்யா (1263–1328) மைலும் வேண்டாம், நாளும் வேண்டாம், மக்கள் எதைப் பயணம் என்று வழக்கத்தில் சொல்கிறார்களோ அதுவே பயணம் என்றார். கேட்பதற்கு இது எளிமையாக இருக்கிறது. ஆனால் விமான யுகத்தில் மிகவும் சங்கடப்படுவது இந்தக் கருத்துதான். காலையில் சென்னையிலிருந்து மும்பை போய் அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு இரவு வீடு திரும்புபவரை வழக்கத்தில் பயணி என்பதா, வேலைக்குப் போய் வந்தவர் என்பதா? வழக்கமே மாறிக்கொண்டிருக்கும்போது வழக்கத்தை அளவுகோலாக்கினால், ஒவ்வொருவரும் தமக்கு ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.

வேகத்தைப் பற்றிய கேள்வி விமானம் வந்த பிறகு பிறந்ததல்ல. ஷாஃபிஈ மத்ஹபின் தலையாய சட்டநூலான மின்ஹாஜுத் தாலிபீனில் இமாம் நவவி (1233–1277) இதற்குத் தெளிவான விடை தருகிறார். 48 மைல் என்ற எல்லையைச் சொன்ன பிறகு, தம் சொந்தச் சேர்க்கையாக அவர் இன்னொன்றைக் குறிப்பிடுகிறார்: கடலும் தரையைப் போன்றதே, ஆகவே அந்த மைல்களை ஒருவர் கடலில் ஒரு மணிப்பொழுதில் கடந்தாலும் கஸ்ர் செய்யலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எந்தக் கப்பலும் ஒரு மணி நேரத்தில் 80 கி.மீ. போகவில்லை. நடக்க முடியாத ஒன்றைக் கற்பனை செய்து சட்டத்தைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் அந்த அறிஞர்களுக்கு இருந்தது. அளவுகோல் நீளம்தான் என்று முடிவெடுத்துவிட்டால் அதை வேகம் அசைக்கக்கூடாது என்பதில் நவவி உறுதியாக இருந்தார். இந்த ஒரு வரி போதும். ஷாஃபிஈ பயணிக்கு விமானத்தைப் பற்றித் தனி ஃபத்வா தேவைப்படவில்லை.

ஹனஃபிகளிடம் விவாதம் இன்னும் ஆழமாக நடந்தது. மூன்று நாள் வழியை ஒருவர் விரைந்து சென்று இரண்டு நாளில் முடித்துவிட்டால்? அப்போதும் அவர் கஸ்ர் செய்வார் என்றே நூல்கள் சொல்கின்றன; அளவுகோலாகக் கொள்வது அவருடைய வேகத்தையல்ல, நடுத்தர வேகத்தை. அடுத்த கேள்வி: ஓர் இறைநேசர் கராமத் எனும் தம் அற்புத ஆற்றலால், பூமி சுருட்டப்பட்டது போல, அந்த வழியைச் சிறு பொழுதில் கடந்துவிட்டால்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டமாஸ்கஸில் வாழ்ந்த இப்னு ஆபிதீன் (1784–1836), தம் ரத்துல் முஹ்தாரில் இதை எடுத்துக்கொள்கிறார். சட்ட வாசகத்தை அப்படியே பார்த்தால் அவரும் கஸ்ர் செய்ய வேண்டும் என்கிறார். கூடவே பதினைந்தாம் நூற்றாண்டு அறிஞரான கமாலுத்தீன் இப்னுல் ஹுமாமின் (இறப்பு 1457) மறுப்பையும் எடுத்து வைக்கிறார். சிரமம் ஏற்படுவதற்கான வாய்ப்பே அங்கு இல்லையே, சிரம வாய்ப்புதானே கஸ்ருக்குக் காரணம் என்பது இப்னுல் ஹுமாமின் வாதம்.

இன்று விமான நிலையத்தில் எழும் ஐயம் இதுவேதான். இறைநேசருக்குச் சொன்னதை ஒவ்வொரு பயணச்சீட்டுக்காரருக்கும் பொருத்திப் பார்க்கும் நிலை வந்துவிட்டது. இப்னுல் ஹுமாமின் வாதத்தை எடுத்தெறிய முடியாது. சலுகை சிரமத்துக்காக என்றால், சிரமம் இல்லாதபோது சலுகை எதற்கு?

இதற்கு உஸூல் எனப்படும் சட்ட அடிப்படையியல் தரும் விடை, ஒரு சட்டத்தின் காரணத்தையும் நோக்கத்தையும் பிரித்துப் பார்ப்பது. காரணம் இல்லத், நோக்கம் ஹிக்மத். கஸ்ருக்கு நோக்கம் சிரமத்தைக் குறைப்பது. ஆனால் காரணம் பயணம். சட்டம் கட்டப்படுவது காரணத்தின் மேல். நோக்கத்தின் மேல் கட்டப்படுவதில்லை. ஏனென்றால் சிரமத்தை அளக்க முடியாது. அது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். பயணமோ கண்ணுக்குத் தெரியும், எல்லோருக்கும் ஒரே மாதிரி அளவுபடும். பல்லக்கில் சுகமாகப் போகும் அரசனும் முஸாஃபிர்தான். அவனுக்குக் கஸ்ர் உண்டு. சொந்த ஊரில் நாள் முழுக்க மூட்டை தூக்கும் சுமைத்தொழிலாளி எவ்வளவு களைத்தாலும் நான்கு ரக்அத்தைக் குறைக்க முடியாது. இந்த ஒப்பீடு உஸூல் பாடங்களில் வழக்கமாக வருவது. முதல் பார்வையில் அநியாயமாகத் தோன்றும். ஆனால் சிரமத்தையே அளவுகோலாக்கினால் என்ன ஆகும்? ஒவ்வொரு தொழுகை நேரத்திலும் ஒவ்வொருவரும் தம் களைப்பை நிறுத்துப் பார்க்க வேண்டும். மனச்சாட்சி மென்மையானவர் சலுகையை ஒருபோதும் எடுக்கமாட்டார்; மற்றவர் எப்போதும் எடுப்பார். அளவுபட்ட காரணம் இருவரையும் காப்பாற்றுகிறது.

சலுகை பிறந்த சூழல் மறைந்தும் அது நிற்கலாம் என்பதற்கு இதைவிட வலுவான சான்று ஹதீஸிலேயே இருக்கிறது. அந்நிஸா வசனம் கஸ்ரை அனுமதிக்கும்போது, எதிரிகள் தாக்குவார்கள் என்ற அச்சத்தையும் சேர்த்தே பேசுகிறது. பிற்பாடு நாட்டில் அமைதி நிலவியபோது யஅலா இப்னு உமய்யா என்பவர், இப்போதுதான் அச்சம் இல்லையே என்று கலீஃபா உமர் அவர்களிடம் கேட்டார். தமக்கும் அதே வியப்பு ஏற்பட்டு நபியவர்களிடம் கேட்டதாகவும், இது அல்லாஹ் உங்களுக்கு அளித்த தர்மம், அவனுடைய தர்மத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற பொருளில் நபியவர்கள் விடை தந்ததாகவும் உமர் சொன்னார். முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இந்தச் செய்தி உள்ளது. அச்சம் போன பிறகும் கஸ்ர் நின்றது போல, களைப்பு போன பிறகும் அது நிற்கிறது. கொடுத்தவன் திரும்பக் கேட்காத ஒன்றை, இனி எனக்கு அது தேவைப்படவில்லை என்று பெற்றவர் திருப்பிக் கொடுப்பது பணிவு ஆகாது.

இப்னுல் ஹுமாமின் வழியில் போனால் ஏற்படும் முடிவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஹனஃபி நூல்கள் கடலுக்குத் தனி நேரக் கணக்கு வைத்துள்ளன: மிதமான காற்றில் கப்பல் மூன்று நாள் ஓடும் தூரம். அதே முறையில் வானத்துக்கும் ஒரு தனிக் கணக்கு வைத்து, விமானத்தின் நடுத்தர வேகத்தில் மூன்று நாள் என்று சொன்னால், இரவில் ஓய்வெடுத்துப் பகலில் மட்டும் பறந்தாலும் பூமிப் பந்தில் எந்த ஊருமே போதிய தொலைவில் இருக்காது. விமானப் பயணி யாருமே முஸாஃபிர் ஆகமாட்டார். துணைக்கண்டத்து உலமாக்கள் இந்த வழியில் போகாமல், தரைக் கணக்கின் 77 அல்லது 92 கி.மீ.யையே வானத்துக்கும் வைத்துக்கொண்டது நிதானமான முடிவு.

சிரமத்தை முற்றிலும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. ஷாஃபிஈ மத்ஹபில் மூன்று மர்ஹலாவை எட்டிய பயணத்தில் முழுமையாகத் தொழுவதைவிடக் கஸ்ர் செய்வது சிறந்தது. ஆனால் நோன்பில், உடலுக்குக் கேடு வராது என்றால் விடுவதைவிட நோற்பதே சிறந்தது. இரண்டும் மின்ஹாஜில் அடுத்தடுத்து வருகின்றன. குளிரூட்டிய விமானத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்து போகிறவருக்கு இதன்படி தொழுகை சுருங்கும், நோன்பு தொடர்வது மேல். அதோடு, சுபுஹு நேரத்தில் ஊரில் இருந்து நோன்பைத் தொடங்கிவிட்டுப் பகல் விமானத்தில் கிளம்புகிறவர், பயணத்தைக் காட்டி அன்றைய நோன்பை முறிக்க முடியாது. ஹனஃபிகளும் அதை அனுமதிப்பதில்லை. ஹனஃபிகளிடம் கஸ்ர் விருப்பத்துக்கு விடப்பட்டதல்ல, கட்டாயம். இரண்டு நேரத் தொழுகைகளைச் சேர்த்துத் தொழும் ஜம்உ ஷாஃபிஈகளுக்கு உண்டு. ஹனஃபிகளிடம் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் மட்டும்.

பெண்கள் மஹ்ரம், அதாவது மணக்கத் தடையுள்ள நெருங்கிய ஆண் உறவினர், துணையின்றிப் பயணம் செய்வது பற்றிய விதியும் இதே தூரக் கணக்கில் பின்னிக் கிடக்கிறது. ஹதீஸ்களில் ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்று வெவ்வேறு அளவுகள் வந்துள்ளன. ஹனஃபிகள் மூன்று நாளை எடுத்துக்கொண்டார்கள். ஷாஃபிஈகள் கடமையான ஹஜ்ஜுக்கு நம்பிக்கையான பெண்களின் குழு இருந்தால் போதும் என்றார்கள். ஹீராவிலிருந்து ஒரு பெண் தன்னந்தனியாகப் பயணம் செய்து வந்து கஅபாவைச் சுற்றிவருவாள், அவளுக்கு அல்லாஹ்வைத் தவிர வேறு அச்சம் இருக்காது என்று நபியவர்கள் அதீ இப்னு ஹாதிமிடம் முன்னறிவித்த செய்தி புகாரி ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. 2018இல் இந்திய ஹஜ் கமிட்டி வழியாக 45 வயதைக் கடந்த பெண்கள், மஹ்ரம் இல்லாமல் குறைந்தது நான்கு பேர் கொண்ட குழுவாகச் செல்ல அனுமதி கிடைத்தது. இங்கேயும் சட்டத்தின் நோக்கம் பாதுகாப்பு என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். கஸ்ரில் தூரத்தை மட்டும் பார்த்த ஷாஃபிஈகளே இங்கே பாதுகாப்பை நேரடியாகக் கணக்கில் எடுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஒரு சலுகையை நீட்டுவதும் ஒரு தடையைத் தளர்த்துவதும் ஒரே திசையில், எளிமையின் திசையில், நடக்கின்றன. பயணிக்கு மட்டும் ஒரு மணி நேரம்தானே என்று சொல்லிச் சலுகையை மறுத்து, பெண்ணிடம் மட்டும் தூரம் தூரம்தான் என்று சொல்பவர், இரண்டு இடத்திலும் கடுமையின் பக்கமே நிற்கிறார். அதற்குச் சட்டத்தில் ஆதாரம் தேடினால் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கோட்பாடுகளைத்தான் அவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பயணம் எங்கே தொடங்குகிறது என்பதில் மத்ஹபுகளிடையே பெரிய வேறுபாடு இல்லை. வீட்டு வாசலைத் தாண்டியதும் ஒருவர் முஸாஃபிர் ஆவதில்லை. ஊரின் மதிலை, மதில் இல்லாத ஊரில் கட்டடங்களின் தொடர்ச்சியை, கடந்திருக்க வேண்டும். இதனால் விமான நிலையம் எங்கே இருக்கிறது என்பது முக்கியமாகிறது. மீனம்பாக்கம் சென்னையோடு இடைவெளியின்றி ஒட்டிவிட்டது. திருவல்லிக்கேணிக்காரர் பாதுகாப்புச் சோதனையை முடித்துக்கொண்டு அங்குள்ள தொழுகை அறையில் நிற்கும்போது இன்னும் சொந்த ஊரிலேயே நிற்கிறார்; லுஹரை நான்காகத்தான் தொழ வேண்டும். விமானம் ஏறி நகரத்தின் எல்லையை விட்ட பிறகே அவருக்குக் கஸ்ர். விமான நிலையம் ஊருக்கு வெளியே தனித்து, நடுவில் வயலும் வெற்றிடமுமாக இருக்கும் நகரங்களில் அங்கேயே கஸ்ர் தொடங்கிவிடும். போய்ச் சேரும் ஊரில் எத்தனை நாள் தங்கினால் பயணி என்ற நிலை நீங்கும் என்பதிலும் வேறுபாடு உண்டு: வந்த நாளும் கிளம்பும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க எண்ணினால் முகீம், அதாவது ஊரில் தங்கியவர், என்பது ஷாஃபிஈ; பதினைந்து நாள் என்பது ஹனஃபி.

இதுவரை பார்த்தவை தூரத்தோடு தொடர்புள்ள சட்டங்கள். அவற்றில் வேகம் எதையும் மாற்றவில்லை. இடத்தோடு தொடர்புள்ள சட்டங்களில் வேகம் பயணியைத் திணற வைக்கிறது. ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ செல்பவர் மக்காவைச் சூழ்ந்துள்ள மீக்காத் எல்லைகளைக் கடக்கும் முன் இஹ்ராம் எனும் புனிதப் பயண நிலைக்கு வந்துவிட வேண்டும். மதீனாவாசிகளுக்கு துல்ஹுலைஃபா, சிரியா திசைக்கு ஜுஹ்ஃபா, நஜ்துக்கு கர்னுல் மனாஸில், யமனுக்கு யலம்லம். ஐந்தாவதான தாத்து இர்க் பற்றிய வரலாறுதான் விமானப் பயணிக்கு வழிகாட்டுகிறது. கூஃபா, பஸ்ரா வாசிகள் உமரிடம் வந்து, கர்ன் எங்கள் பாதைக்கு விலகியிருக்கிறது, அங்கே போய் வருவது சிரமம் என்று முறையிட்டார்கள். உங்கள் பாதையில் அதற்கு நேரான இடத்தைப் பாருங்கள் என்று சொல்லி, அவர்களுக்குத் தாத்து இர்க்கை உமர் வகுத்தார். எல்லை என்பது தனித்தனிப் புள்ளிகள் மட்டுமல்ல, அவற்றுக்கு நேராக ஓடும் கோடும்தான் என்ற கருத்து அன்று நிலைபெற்றது.

கப்பல் காலத்தில் இந்தியாவிலிருந்து சென்ற ஹாஜிகளுக்கு மீக்காத் யலம்லம். செங்கடலில் கப்பல் அதற்கு நேராக வரும்போது அறிவிப்புச் செய்வார்கள். குளிப்பதற்கும் உடை மாற்றுவதற்கும் தாராளமாக நேரம் இருந்தது. மும்பையிலிருந்து ஜித்தாவுக்கு ஓடிய ஹஜ் கப்பல்கள் 1995இல் நின்றன. இப்போது சென்னை விமானம் அரபிக்கடலைத் தாண்டி, அரேபியத் தீபகற்பத்தின் குறுக்கே கிழக்கிலிருந்து வருகிறது. அது கடப்பது யலம்லத்தை அல்ல, கர்னுல் மனாஸில், தாத்து இர்க் பக்கத்துக் கோட்டை. ஜித்தா அந்தக் கோட்டுக்கு உட்புறம் உள்ளது. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு 14 கி.மீ. ஓடிவிடும், எல்லையைக் கடந்துகொண்டிருக்கிறோம் என்று உணர்வதற்குள் அது பின்னால் போயிருக்கும். அதனால்தான் ஆண்கள் தைக்காத இரண்டு வெள்ளைத் துணிகளைச் சென்னையிலேயே உடுத்திக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். ஏறத்தாழ அரை மணி நேரம் முன்பு மீக்காத் நெருங்குவதாக அறிவிப்பு வருகிறது. அப்போது நிய்யத், அதாவது மன உறுதி, வைத்து, இருக்கையில் இருந்தபடியே தல்பியா எனும் ஹஜ் முழக்கத்தை ஓதத் தொடங்குகிறார்கள். தூங்கிப்போய்விடுவோமோ என்று அஞ்சுபவர் முன்கூட்டியே நிய்யத் வைத்துவிடுவார். எல்லைக்கு முன்பே இஹ்ராம் கட்டுவது செல்லும். நிய்யத் இல்லாமல் கடந்து ஜித்தாவில் இறங்கியவர் மீக்காத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். இல்லையென்றால் பரிகாரமாக ஓர் ஆடு பலி.

விமானப் பயணிக்கு ஜித்தாவையே மீக்காத் ஆக்கலாம் என்று இருபதாம் நூற்றாண்டில் சில அறிஞர்கள் வாதிட்டார்கள். பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் பறப்பவர் அந்த இடத்துக்கு வந்தவர் ஆகமாட்டார், தரையைத் தொடும் முதல் இடமே அவருடைய இடம் என்பது அவர்கள் வாதம். 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதை ஏற்கவில்லை. மீக்காத்துக்கு மேலாகவோ அதற்கு நேராகவோ பறப்பது அதைக் கடப்பதேயாகும் என்று அது முடிவு செய்தது. நவவி கடலைத் தரை போல என்றார். அம்மானில் வானத்தையும் தரை போல என்றார்கள். இந்த நிலைப்பாட்டுக்குள் ஒரு சீர்மை இருக்கிறது. வானில் கடந்த மைல்கள் கஸ்ருக்கு மைல்களாகக் கணக்கில் வந்தால், வானில் கடந்த எல்லையும் எல்லையாகத்தான் கணக்கில் வர வேண்டும். சலுகை வேண்டும்போது நாம் பூமிக்கு மேலே பயணம் செய்தோம் என்றும், கடமை வரும்போது பூமியில் நாம் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது.

மூன்றாவது வகை, சூரியனோடு தொடர்புள்ள சட்டங்கள். இங்கே தூரத்தைவிட நேரம் பெரிது. ஆனால் அது கைக்கடிகார நேரம் அல்ல. சென்னைக்கும் ஜித்தாவுக்கும் தீர்க்கரேகையில் 41 பாகை வேறுபாடு. இந்திய நேரம் சவூதி நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. மேற்கே போகும் விமானம் சூரியனைத் துரத்துகிறது; முந்த முடியாது, ஆனால் பகலை நீட்டிவிடும். மார்ச் மாதக் கடைசியில் வரும் ரமலானில், மாலை நான்கு மணிக்குச் சென்னையிலிருந்து ஜித்தாவுக்குக் கிளம்பும் நோன்பாளியை எடுத்துக்கொள்வோம். அன்று சென்னையில் சூரியன் மறைவது ஏறத்தாழ 6.20 மணிக்கு. அவருடைய ஜன்னலில் அப்போதும் வெயில் அடிக்கும். அவர் மேற்கே நகர்வதால் ஒரு தாமதம், பத்து கி.மீ. உயரத்தில் தொடுவானம் தாழ்ந்து தெரிவதால் இன்னும் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடத் தாமதம். இரண்டும் சேர்ந்து, அவர் சூரியன் மறைவதைக் காணும்போது இந்திய நேரப்படி இரவு எட்டரை மணி ஆகியிருக்கும். சென்னையில் மஃக்ரிப் பாங்கு சொல்லியாயிற்றே என்று கடிகாரத்தைப் பார்த்து அவர் நோன்பு திறக்க முடியாது. விமானம் அந்த நேரத்தில் எந்த ஊருக்கு மேலே இருக்கிறதோ அந்த ஊரில் தரையில் இருட்டிவிட்டது என்பதும் அவருக்குப் பொருந்தாது. அவர் கண்ணில் சூரியன் மறைய வேண்டும்.

இதற்கும் பழைய முன்னுதாரணம் உண்டு. அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நிற்பவர், தம் கண்ணுக்குச் சூரியன் மறையும்வரை நோன்பு திறக்கக்கூடாது. கீழே ஊரில் இருப்பவர்கள் தங்களுக்கு மறைந்ததும் திறக்கலாம் என்று ஹனஃபி நூல்கள் சொல்கின்றன. அதே அடிப்படையில் 2011இல் துபாயில், 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபா கட்டடத்தில் 80ஆவது மாடிக்கு மேலே வசிப்பவர்கள் இரண்டு நிமிடமும் 150ஆவது மாடிக்கு மேலே இருப்பவர்கள் மூன்று நிமிடமும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்று வழிகாட்டப்பட்டது. ஒரே கட்டடத்தில் ஒரே வாசல் வழியாக நுழைந்தவர்களுக்கு வெவ்வேறு மஃக்ரிப்.

இன்னும் நுட்பமான ஒரு நிலை உண்டு. மீனம்பாக்கத்தில் சூரியன் மறைந்ததும் ஒருவர் பேரீச்சம்பழம் தின்று நோன்பு திறக்கிறார். அடுத்த சில நிமிடங்களில் விமானம் மேற்கு நோக்கி எழும்புகிறது. மேலே போனதும் மறைந்த சூரியன் தொடுவானத்தில் மறுபடி தெரிகிறது. பதினேழாம் நூற்றாண்டின் ஹனஃபி அறிஞர் ஹஸ்கஃபி, மறைந்த சூரியன் திரும்பி வந்தால் நேரமும் திரும்புமா என்று கேட்டு, திரும்பும் என்பதே வெளிப்படையான கருத்து என்றார். சவூதியின் நிரந்தர ஃபத்வாக் குழுவோ, தரையில் முறைப்படி நோன்பு திறந்தவர் திறந்தவரே, மேலே போய்ச் சூரியனைக் கண்டதால் மறுபடி உண்ணாமல் இருக்கத் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. நோன்பு இரவுவரை என்பது கட்டளை. அவருக்கு இரவு வந்தது, கடமை முடிந்தது. பொறுப்பான இடத்தில் பொறுப்பாக முடிக்கப்பட்ட ஒரு வணக்கத்தைப் பின்னால் வரும் நகர்வு குலைக்கக்கூடாது என்ற இந்த இரண்டாவது நிலை, பயணியின் மனத்துக்கும் அமைதி தருகிறது.

மாதக் கணக்கில்தான் இரு நகரங்களுக்கு இடையிலான தொலைவு பயணியை முழுமையாகப் பிடிக்கிறது. சவூதியில் பெருநாள் பெரும்பாலும் தமிழகத்துக்கு ஒரு நாள் முன்னதாக வருகிறது. ஜித்தாவில் பெருநாள் தொழுகை முடித்து, புத்தாடையோடு விமானம் ஏறி, அன்றே சென்னையில் இறங்கும் வளைகுடாத் தொழிலாளர்கள் உண்டு. இங்கே ஊரார் இன்னும் நோன்பில் இருக்கிறார்கள். மின்ஹாஜில் நவவி இதையும் விட்டுவைக்கவில்லை. பெருநாளாக விடிந்த ஒருவரின் கப்பல், அன்றே தொலைதூர ஊருக்குப் போய்ச் சேர, அங்குள்ளவர்கள் நோன்பிருந்தால், மிகச் சரியான கருத்துப்படி அவர் அந்த நாளின் எஞ்சிய பொழுதை உண்ணாமல் பருகாமல் கழிக்க வேண்டும் என்கிறார். அவர் காலத்தில் அப்படி ஒரே பகலில் பிறை மாறும் தூரத்துக்குப் போகும் கப்பல் அரிது. இன்று அது அன்றாட நிகழ்வு. விமானத்தில் சாப்பிட்டவர் மீனம்பாக்கத்தில் இறங்கியதும் வாயைக் கட்டிக்கொள்கிறார். மறுநாள் ஊராரோடு இரண்டாவது பெருநாள்.

எதிர்த்திசையில் போகிறவருக்கு நிலை வேறு. சென்னையில் நோன்பைத் தொடங்கி, மாதக் கடைசியில் ஜித்தா போய்ச் சேர்பவர், அவருக்கு இருபத்தெட்டு நோன்பே ஆகியிருக்கும்போது அங்கே பெருநாள் வந்துவிட்டதைக் காணலாம். அவர் அந்த ஊராரோடு பெருநாள் கொண்டாட வேண்டும், அன்று நோன்பிருக்கக்கூடாது. பிறை மாதம் இருபத்தொன்பது நாளுக்குக் குறையாது என்பதால், விடுபட்ட ஒரு நோன்பைப் பின்னர் களாச் செய்ய வேண்டும். இருபத்தொன்பது ஏற்கெனவே நிறைந்திருந்தால் அவர் மேல் கடன் எதுவும் இல்லை.